ஒரே சர்வர், ஒரே சான்றிதழ். லினக்ஸில் மட்டும் ஏன் பிழை?

கேள்வி: நான் எழுதிய மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. முதல் இரண்டில் இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறைக்கு இயங்குதளமே தரும் வசதியையும், லினக்ஸில் அதே வேலைக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தையும் பயன்படுத்துகிறேன். எங்கள் சர்வருடன் லினக்ஸில் மட்டும் இணைப்பு கிடைப்பதில்லை; சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழை வழங்கியவரைக் கண்டறிய இயலவில்லை என்று பிழை வருகிறது. சரிபார்ப்பை நிறுத்திவிடலாமா? அல்லது மூன்றிலும் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கே மாறிவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. மறையாக்கம் அப்போதும் நடக்கும். ஆனால் நடுவில் புகுந்த ஒருவர் தாமே தயாரித்த சான்றிதழை நீட்டினாலும் உங்கள் மென்பொருள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும்.

கோளாறு பெரும்பாலும் உங்கள் சர்வரில்தான் இருக்கும். தன் சான்றிதழை, கணினி நேரடியாக நம்பும் மூலச் சான்றிதழுடன் இணைக்கும் இடைநிலைச் சான்றிதழையும் சர்வரே சேர்த்து அனுப்ப வேண்டும். அது அனுப்பத் தவறினால், விண்டோஸும் மேக்கும் சான்றிதழுக்குள் குறித்துள்ள முகவரியிலிருந்து அதைத் தாமாகவே தருவித்துக்கொண்டு குறையை மறைத்துவிடுகின்றன. ஓப்பன்எஸ்எஸ்எல் அவ்வாறு செய்வதில்லை. ஆகவே லினக்ஸைக் குறை சொல்லாமல், சர்வரில் அதன் சான்றிதழும் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்த முழுச் சங்கிலியையும் நிறுவுங்கள்.

மூன்றிலும் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் தான் நம்பும் மூலச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணினியில் வைத்திருப்பதில்லை. பலவற்றைத் தேவைப்படும்போதுதான் இறக்கிக்கொள்கிறது. எனவே கணினியில் ஏற்கெனவே உள்ள மூலச் சான்றிதழ்களின் பட்டியலை மட்டும் படித்து ஓப்பன்எஸ்எஸ்எல்லிடம் கொடுத்தால், உலாவியில் திறக்கும் தளம் உங்கள் மென்பொருளில் திறக்காமல் போகலாம். பட்டியலை மென்பொருளுடனேயே கட்டி அனுப்பினாலோ, அலுவலக நிர்வாகி கணினியில் சேர்த்த சான்றிதழ் அதில் இராது. பட்டியலும் நாளடைவில் பழையதாகும். நூலகம் பழையதானாலும் தொல்லைதான்: 2021 செப்டம்பர் 30 அன்று இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதிய மூலச் சான்றிதழ் கைவசம் இருந்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 பதிப்பு பல இடங்களில் இணைப்பை மறுத்தது.

லினக்ஸ் பகுதியில் இன்னொன்றையும் பாருங்கள். எதிர்பார்க்கும் சர்வர் பெயரை நீங்கள் வெளிப்படையாகக் கொடுத்தாலன்றி ஓப்பன்எஸ்எஸ்எல் சங்கிலியை மட்டுமே சரிபார்க்கும். வேறொரு தளத்துக்கு முறையாக வழங்கப்பட்ட சான்றிதழும் அப்போது தேறிவிடும். இணைப்பு கிடைக்கிறதா என்று மட்டும் சோதிப்பவர்களுக்கு இது புலப்படாது. காலாவதியானது, பெயர் பொருந்தாதது, தனக்குத்தானே கையொப்பமிட்டது என மூவகைச் சான்றிதழ்களையும் மூன்று இயங்குதளங்களிலும் கொடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இணைப்பு மறுக்கப்பட வேண்டும்.