ஒப்பந்தத்தில் ஒரு பொருள், கட்டடத்தில் வேறொரு பொருள்: வீடு கட்டுவோர் கேள்வி பதில்

வாசகி, பாளையங்கோட்டை: என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். கே.டி.சி. நகரில் எங்கள் சொந்த மனையில் 1,400 சதுர அடி வீடு கட்ட, பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் பொருளோடு சேர்த்துச் சதுர அடி 2,300 ரூபாய்க்கு ஒப்பந்தம் எழுதினோம். கம்பியின் கம்பெனிப் பெயர், எப்.இ. 500டி தரம், தளத்துக்கு 53 கிரேடு சிமெண்ட், தலைவாசல் நிலைக்குத் தேக்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. பால் காய்ப்பு முடிந்த பிறகு பார்த்தால், மொட்டைமாடியில் கிடக்கும் மிச்சக் கம்பியில் வேறு கம்பெனிப் பெயர். காலிச் சாக்குகளில் பி.பி.சி. என்று அச்சடித்திருக்கிறது, நிலை தேக்கே இல்லை என்கிறார் தச்சர். கேட்டால், "எல்லாம் ஐ.எஸ்.ஐ. சரக்குதான், அதே தரம்தான்" என்று சொல்லிக் கடைசித் தவணை 2,50,000 ரூபாயைக் கேட்கிறார். தளத்தை இடித்துப் புதிதாகப் போடச் சொல்ல முடியுமா? ரெராவுக்குப் போ என்கிறார் ஒருவர், போலீசுக்குப் போ என்கிறார் இன்னொருவர்.

பதில்: ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதிய பொருளை உங்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற அவருக்கு உரிமை கிடையாது. மாற்றிய சரக்கு நல்ல சரக்காகவே இருந்தாலும் அது ஒப்பந்த மீறல்தான். ஆனால் அந்த மீறலுக்கு ஈடாக எவ்வளவு கிடைக்கும் என்பது, மாற்றியதால் உங்கள் வீட்டுக்கு நேர்ந்த குறை என்ன, அதில் எவ்வளவை உங்களால் மெய்ப்பிக்க முடியும் என்பவற்றைப் பொறுத்தது. நீங்கள் சொல்லும் மூன்று மாற்றங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோனால், வலுவில்லாத புகார் வலுவான புகாரையும் கெடுத்துவிடும்.

சிமெண்ட் விஷயத்தில் உங்கள் பக்கம் வலு குறைவு. பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த போசலானா சிமெண்ட், மட்டமான சிமெண்ட் அல்ல. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456, 53 கிரேடு சாதாரண சிமெண்ட், பி.பி.சி. ஆகிய இரண்டு வகையையும் ஏற்கிறது. பி.பி.சி. மெதுவாக வலுவேறும் என்பதால் கூடுதல் நாள் நீராற்ற, அதாவது ஈரமாகவே வைத்திருக்க, வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் என்றால் இதற்குக் குறைந்தது 10 நாள், கூடுமானால் 14 நாள் என்பது அந்த விதி. தளம் போட்ட தேதியும், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய படங்களும் உங்கள் கைபேசியில் இருந்தால் எடுத்து வையுங்கள். நீராற்றியதில் குறை இல்லையென்றால், சிமெண்டுக்காக நீங்கள் கேட்கக்கூடியது விலை வித்தியாசத்தை மட்டுமே.

கம்பியைத்தான் உண்மையில் கவலையோடு பார்க்க வேண்டும். எப்.இ. 500டி கம்பி முறிவதற்கு முன் குறைந்தது 16 விழுக்காடு நீள வேண்டும் என்றும், வெறும் எப்.இ. 500 என்றால் 12 போதும் என்றும் கம்பிக்கான தரவிதியான ஐ.எஸ். 1786 சொல்கிறது. ஆகவே "அதே தரம்தான்" என்பது கம்பியின் மேல் உருட்டிப் பதித்திருக்கும் எழுத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய பேச்சு. மிச்சத் துண்டு ஒன்றை, இரண்டு முனையும் நேராக இருக்கும்படி, சரியாக ஒரு மீட்டருக்கு வெட்டி, கிராம் காட்டும் மின்னணுத் தராசில் வையுங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி 888 கிராம் இருக்க வேண்டும். தனித்துண்டில் 6 விழுக்காடு வரை குறைவதை விதி பொறுத்துக்கொள்கிறது. 835 கிராமுக்குக் கீழே போனால், கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும் அது எடை குறைந்த கம்பி. 10 மில்லிமீட்டர் என்றால் 617 கிராம், அதற்கு 8 விழுக்காடு வரை விலக்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால், அந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இன்னும் செல்லுமா என்பதும் தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மொட்டைமாடியில் கிடக்கும் துண்டு தளத்துக்குள் இருக்கும் கம்பிக்குச் சாட்சி ஆகாது. "அது வேறு சைட்டிலிருந்து வந்த மிச்சம்" என்று அவர் ஒரே வரியில் தள்ளிவிடலாம். அதனால் கம்பி வாங்கிய பில், ஆலை தரும் சோதனைச் சான்று ஆகியவற்றை எழுத்து மூலம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்கலாம். கம்பி கட்டி முடித்து கான்கிரீட் கொட்டுவதற்கு முன் எடுத்த படம் எதுவும் இருக்கிறதா என்று உங்கள் கணவரின் கைபேசியிலும் தேடுங்கள். ஊரிலிருந்து அவருக்கு அனுப்பியிருப்பீர்கள். கான்கிரீட்டின் வலுவில் சந்தேகம் இருந்தால், வேறொரு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு முதலில், மேற்பரப்பைத் தட்டி வலு அறியும் சுத்தியல் சோதனையும், அது மோசமாக வந்தால் மட்டும் உருளையாகத் துளைத்தெடுக்கும் சோதனையும் செய்யலாம். துளைத்தெடுத்த மாதிரிகளின் சராசரி வலு, அந்தக் கான்கிரீட்டுக்குச் சொன்ன வலுவில் 85 விழுக்காடாவது இருந்து, எந்த ஒரு மாதிரியும் 75-க்குக் கீழே போகாவிட்டால், விதிப்படி அந்தக் கான்கிரீட் ஏற்கத்தக்கது. அப்படி வந்துவிட்டால் இடிக்கும் பேச்சை விட்டுவிடுங்கள்.

வாசல் நிலைதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான புகார். செங்கோட்டை மரக்கடைகளில் விலை கேட்டவர்களுக்குத் தெரியும், தேக்குக்கும் கோங்குக்கும் விலை எவ்வளவு தூரம் என்று. வர்ணம் ஏற்றிப் பாலீஷ் போட்டுவிட்டால் பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தச்சர் சொல் மட்டும் போதாது. நிலையின் வெளியே தெரியாத ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்து அனுப்பினால், அது என்ன மரம் என்று பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆராய்ந்து அறிக்கை தரும். துண்டு எடுக்கும்போது ஒப்பந்ததாரருக்கும் முன்கூட்டித் தகவல் கொடுத்து, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கே போவது என்ற கேள்வி. ரெரா, மனை பிரித்தோ வீடு கட்டியோ விற்கிறவர்களுக்கான சட்டம். உங்கள் சொந்த மனையில் ஒப்பந்தத்துக்குக் கட்டித் தந்தவர் மேல் அது பாயாது. காவல் நிலையத்தில், தொடக்கம் முதலே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடிப் புகார் நிற்கும். பெரும்பாலும் "சிவில் விவகாரம்" என்று ரசீது எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு உரிய இடம் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது வெளிப்படையாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கெடு இரண்டு ஆண்டு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம்.

கடைசித் தவணையைச் சும்மா நிறுத்தி வைக்காதீர்கள். நிலை மாற்றும் செலவையும் விலை வித்தியாசத்தையும் கணக்கிட்டு, அந்தத் தொகையை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கடிதம் எழுதி, மீதியைக் கொடுத்துவிடுங்கள். மொத்தத்தையும் பேசாமல் நிறுத்தினால், ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் நீங்கள்தான் என்ற வாதம் அவருக்குக் கிடைத்துவிடும். இந்த ஒப்பந்தத்தில் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது: கட்டுகிறவரும் மேற்பார்வை பார்க்கிற பொறியாளரும் ஒரே ஆளாக இருந்திருக்கிறார். கணவர் கடல் கடந்து இருக்கும் வீடுகளில் இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது.

வாசகர், ஆலங்குளம்: எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. வாட்ஸ்அப்பில் பேசினோம், பணம் வங்கி வழியாகப் போனது. பூச்சுக்குப் பி-சாண்ட் (கல்லை உடைத்துக் கழுவிச் சலித்த பூச்சு மணல்) போடுவதாகச் சொன்னவர், கிரஷர் டஸ்ட் (ஜல்லி உடைக்கும்போது ஒதுங்கும் தூள்) போட்டுப் பூசியிருக்கிறார். விரலால் தேய்த்தால் பூச்சு உதிர்கிறது. எழுத்து இல்லாமல் வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். உங்களிடம் வாட்ஸ்அப் உரையாடலும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. பலரிடம் இவ்வளவுகூட இருக்காது. உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிட்டால் மட்டும் போதாது. அதோடு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். கைபேசியை மாற்றிவிடாதீர்கள்; உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள், உங்களுக்குப் பாதகமான வரியாக இருந்தாலும்.

தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்த பிறகு, நம் பக்கம் கட்டடங்கள் எல்லாம் குவாரிச் சரக்கை நம்பியே எழும்புகின்றன. கழுவிச் சலித்த மணலுக்கும் ஜல்லி உடைக்கும்போது ஒதுங்கும் தூளுக்கும் பார்வைக்கு நிறம் ஒன்றுதான் என்பது ஏமாற்றுக்கு வசதியாகிவிட்டது. லாரி வரும்போது அதனோடு வந்த நடைச்சீட்டில், ஏற்றியது என்ன சரக்கு என்று எழுதியிருக்கும். ஓட்டுநர் அதை உங்களிடம் கொடுத்திருந்தாலோ, நீங்கள் படம் எடுத்து வைத்திருந்தாலோ, அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. முற்றத்தில் மிச்சக் குவியல் இருந்தால், ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு அதைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே சேறு போலத் தங்கும் அடுக்கு தடிமனாக இருந்தால் சந்தேகத்துக்கு இடம் உண்டு. இது உங்கள் மனத்தெளிவுக்கான சோதனை. ஆணையத்துக்கு ஆய்வகத்தின் சல்லடைச் சோதனை அறிக்கைதான் வேண்டும்.

ஆனாலும் பூச்சு உதிர்வதற்கு மணல் ஒன்றுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பூசிய சுவருக்குத் தண்ணீர் அடிக்காமல் விட்டாலும், சிமெண்ட் குறைத்துக் கலந்தாலும், காய்ந்த செங்கலை நனைக்காமல் பூசினாலும் இப்படித்தான் உதிரும். இவையும் அவர் பொறுப்புதான், தண்ணீர் ஊற்றும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால். மேலே பட்டி பார்த்து வர்ணம் அடித்துவிடாதீர்கள். ஆணையம் அனுப்பும் நிபுணர் வந்து பார்க்கும்வரை சுவர் அப்படியே இருக்கட்டும்.

வாசகர், அம்பாசமுத்திரம்: உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஏ.சி. இணைப்புக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று பணம் வாங்கிக்கொண்டு 1.5 இழுத்திருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஏ.சி.யைப் போடாதீர்கள். வயர் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. வழக்கு அதற்கு அடுத்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வேறொரு உரிமம் பெற்றவரைக் கொண்டு சுவிட்ச் பெட்டியைத் திறந்து, வயர் உறையில் அச்சிட்டிருக்கும் அளவு தெரியும்படி படம் எடுக்கச் சொல்லுங்கள். மின் இணைப்புக்காக அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த முடிவறிக்கையின் நகலையும் வாங்குங்கள். கட்டட ஒப்பந்ததாரர்களுக்கு இல்லாத ஒரு கடிவாளம் இவர்களுக்கு உண்டு: சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். நுகர்வோர் ஆணையத்தோடு அங்கும் ஒரு புகார் அனுப்புங்கள்.

ஒப்பந்ததாரர், வள்ளியூர்: நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். செலவு கூடுகிறது என்று வீட்டுக்காரரே சொன்னதால்தான் ஓடுகளை மலிவானதாக மாற்றினேன். இப்போது என் மேல் நுகர்வோர் வழக்கு. அவர் சொன்னதற்கு எழுத்து இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தை வெளியிடுவதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் இதுவும் நடக்கிறது. அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் மனு கொடுங்கள். ஆணையம் விரும்பினால் 15 நாள் கூட்டித் தரலாம். அந்த 45 நாளைத் தாண்டினால் ஏற்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பலர் வழக்கைத் தோற்பது இங்கேதான்.

எழுத்து இல்லை என்கிறீர்கள், கணக்கு இருக்குமே. மலிவான ஓடு போட்ட பிறகு அவருக்குக் கொடுத்த பில்லில் அந்த விலையைக் குறைத்துக் காட்டியிருந்தால், மாற்றம் அவருக்குத் தெரிந்தே நடந்தது என்பதற்கு அது நல்ல சான்று. ஓடு தேர்ந்தெடுக்கக் கடைக்கு அவரும் வந்திருந்தால், கடைக்காரரின் மதிப்பீட்டுச் சீட்டில் அவர் பெயரோ கைபேசி எண்ணோ இருக்கலாம். விலையைக் குறைக்காமல் பழைய ரேட்டையே வாங்கியிருந்தால், அந்த வித்தியாசத்தை இப்போதே திருப்பிக் கொடுத்துச் சமரசத்துக்கு முயலுங்கள். ஆணையமே இரு தரப்பும் சம்மதித்தால் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும்.