47 சதவீத ஓட்டுக்கு 39 தொகுதியும் கிடைத்தது எப்படி? அது கள்ள ஓட்டா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: "2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஜெயித்த கூட்டணி பாதி ஓட்டுகூட வாங்கவில்லை. ஆனால் 39 தொகுதியையும் அள்ளிக்கொண்டது. கள்ள ஓட்டோ மெஷின் தில்லுமுல்லோ இல்லாமல் இது எப்படி நடக்கும்?"

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் பூத் வேலை எங்கள் தலையில்தான் விழும். தலைமை அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் நீங்கள் சந்தேகப்படும் இடம் ஒன்று, அநியாயம் நடக்கும் இடம் வேறொன்று.

முதலில் அந்த 39 கணக்கு. திமுக கூட்டணி வாங்கியது சுமார் 47 சதவீதம். அதிமுக கூட்டணிக்குச் சுமார் 23, பாஜக கூட்டணிக்குச் சுமார் 18. எதிர் ஓட்டு இப்படிப் பிரிந்து கிடந்தால் 47 போதும், அதுவே தாராளம். தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் எம்.பி., மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டின் கதை அங்கேயே முடிந்தது. 2014ல் இதே முறை அதிமுகவுக்குக் கைகொடுத்தது. சுமார் 44 சதவீதத்தில் 37 இடம். திமுக 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. அதே தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுக்க 4 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. ஓட்டுக் கணக்கில் மூன்றாவது பெரிய கட்சி, மக்களவையில் பூஜ்யம். பிரிட்டனில் 2024ல் லேபர் கட்சி 34 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஓட்டில் 650க்கு 411 இடங்களைப் பிடித்தது. இதில் எதற்கும் யாரும் மெஷினை மாற்றவேண்டிய அவசியமே இல்லை. நாம் வைத்திருக்கும் முறை தரும் விடை இது.

இந்த முறை பிடிக்கவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். நியூசிலாந்து 1996லிருந்து ஆளுக்கு இரண்டு ஓட்டு தருகிறது, ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. கட்சி ஓட்டின் விகிதப்படி மொத்த இடங்களைச் சரிசெய்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும்.

சரி, இப்போது கோட்டுக்கு வருவோம். தொகுதியின் எல்லைக்கோட்டைத்தான் சொல்கிறேன். இதைப் பற்றி யாரும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை, அதுதான் எனக்கு வருத்தம். சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியில் 2021 தேர்தலின்போது வாக்காளர் எண்ணிக்கை 6 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூரில் 2 லட்சம்கூடக் கிடையாது. இரண்டுக்கும் தலா ஒரு எம்.எல்.ஏ.தான். அதாவது சட்டமன்றத்துக்குள் போய்ச் சேரும்போது, சோழிங்கநல்லூரில் குடியிருப்பவரின் ஓட்டு கீழ்வேளூர்க்காரரின் ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ். இதை யாரும் திருடவில்லை. 2008ல் போட்ட கோடு 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போடப்பட்டது. அதற்கப்புறம் பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அடுக்குமாடிகள் எழுந்தன, கோடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மாநிலங்களுக்கு இடையிலான கணக்கு இன்னும் பழையது. 1976ல் அரசியலமைப்பின் 42வது திருத்தம் மக்களவை இடங்களை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தது. 2001ல் கொண்டுவந்த 84வது திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. தமிழ்நாட்டுக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 1962 வரை நமக்கு 41 எம்.பி.க்கள், 1967லிருந்து 39. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்தின் குரல் குறையக் கூடாது என்கிறோம், அதில் நியாயம் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் ஒரு எம்.பி.க்குப் பின்னால் நம்மைவிட அதிகம் பேர் நிற்கிறார்கள், அவர்களுடைய ஓட்டுக்கும் மதிப்பு வேண்டும் என்பதும் நியாயம்தான். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், மாநிலத்துக்கான எண்ணிக்கையைத் தொடாமல் மாநிலத்துக்குள் கோட்டைத் திருத்திவிடலாம் என்பேன். 2003ல் வந்த 87வது திருத்தம் அதற்குத்தான் வழிசெய்தது. அதையே மறுபடி செய்தால் சோழிங்கநல்லூர் பிரச்சினையாவது தீரும்.

கோட்டை வேண்டுமென்றே வளைக்கவும் முடியும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநில சட்டசபைக்கு 2018ல் நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 53 சதவீத ஓட்டு, கிடைத்தது 99ல் 36 இடம். எதிர்க்கட்சிக்காரர்களைச் சில தொகுதிகளில் மொத்தமாகக் குவித்துவிட்டு, மீதிப் பேரை மற்ற தொகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிட்டால் போதும். அங்கே ஆளும் கட்சியே கோடு போடலாம். நம் நாட்டில் தொகுதி மறுவரையறை ஆணையம் போடுகிறது. அதற்காக நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2022ல் ஜம்மு காஷ்மீரில் புதிதாக வந்த 7 தொகுதிகளில் 6 ஜம்முவுக்கும் 1 காஷ்மீருக்கும் போயின. 2011 கணக்குப்படி மக்கள்தொகை அதிகம் இருந்தது காஷ்மீரில். மலை, எல்லை, போக்குவரத்து என்று காரணங்கள் சொன்னார்கள். அவற்றைக் கோர்ட்டில் வைத்து உரசிப் பார்ப்பதும் சுலபமில்லை, ஏனென்றால் அரசியலமைப்பின் 329வது பிரிவு தொகுதி வரையறைச் சட்டத்துக்குப் பெரிய பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. இவ்வளவும் அரசிதழில் அச்சாகி, பகல் வெளிச்சத்தில் நடப்பது.

இனி பூத்துக்குள். வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் எதிரில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சடித்துக் காட்டும் விவிபேட் சீட்டோடு ஒப்பிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு சீல் வைக்கிறோம். ஓட்டுப் போட வருகிறவர் ஒவ்வொருவரும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறார். சாயங்காலம் மெஷினில் பதிவான மொத்த ஓட்டு 17சி படிவத்தில் ஏறுகிறது, ஏஜென்ட்டுகளிடம் கையெழுத்து வாங்கி ஆளுக்கு ஒரு நகல் கொடுக்கிறோம். எண்ணும் நாளில் அந்த நகலோடு ஒத்துவராத மெஷினை ஏஜென்ட் அங்கேயே பிடித்துவிடலாம். நகலைப் பத்திரமாக வைத்திருந்தால், அவ்வளவுதான்.

ஒரு தேர்தலில் மதியத்துக்கு மேல் ஒருவர் வந்தார். அவருடைய வரிசை எண்ணுக்கு நேரே காலையிலேயே யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு கட்சி ஏஜென்ட்டும் எழுந்து நின்று "கள்ள ஓட்டு" என்று கத்த ஆரம்பித்தார்கள். வந்தவரை விசாரித்து, ஆள் அவர்தான் என்று உறுதியானதும் விதிப்படி டெண்டர் ஓட்டுக்கான தாளைக் கொடுத்தோம். அது மெஷினில் சேராது, தனி உறையில் போகும், கோர்ட் கேட்டால்தான் வெளியே வரும். அப்புறம் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். காலையில் வந்தவர் ஆதாரைக் காட்டியிருக்கிறார், அதன் கடைசி நான்கு எண்கள் குறிக்கப்பட்டிருந்தன. பட்டியலில் அதே தெருவில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். ஏஜென்ட்டுகளே அவரைக் கூட்டிவந்தார்கள். விரலில் மை. ஆதாரைப் பார்த்தால் எண்கள் பொருந்தின. காலைக் கூட்டத்தில் பட்டியல் பார்த்த அலுவலர் ஒருவருக்குப் பதில் அதே பெயருள்ள மற்றவரின் எண்ணில் கோடு கிழித்திருக்கிறார். இரண்டு பேரும் நிஜ வாக்காளர்கள். ஆனால் ஊருக்குள் அதற்குள் "அந்த பூத்தில் கள்ள ஓட்டு" என்ற செய்தி பரவிவிட்டது. அதை யாரும் திரும்பப் போய்த் திருத்தவில்லை.

அதனால் மோசடியே நடக்காது என்று சொல்ல வரவில்லை. 2024 ஜனவரியில் சண்டிகர் மேயர் தேர்தலில், தேர்தலை நடத்திய அதிகாரியே 8 வாக்குச்சீட்டுகளில் கிறுக்கிச் செல்லாததாக்கினார். கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் சீட்டுகளையும் வீடியோவையும் நேரில் பார்த்து, பிப்ரவரி 20 அன்று முடிவையே மாற்றித் தீர்ப்புச் சொன்னது. எத்தனை சீட்டு, எந்த ஆள், எந்தக் கை என்பது வரை காட்ட முடிந்ததால்தான் அது நின்றது.

அப்படிக் காட்டுவதற்கான வழியைத்தான் இப்போது குறுக்கிக்கொண்டே போகிறார்கள். 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதி 93ஐத் திருத்தி, சிசிடிவி போன்ற மின்னணுப் பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெற முடியாதபடி செய்தார்கள். 2025 மே மாதம், வழக்கு எதுவும் இல்லையென்றால் 45 நாளுக்குப் பிறகு பதிவுகளை அழித்துவிடலாம் என்று அறிவுறுத்தல் போனது. வாக்காளர் பட்டியலையும் கணினியில் தேட முடியாத படக் கோப்பாகத்தான் தருகிறார்கள். ஆதாரம் கொண்டு வா என்று கேட்கிறவர்கள் ஆதாரம் இருக்கும் அலமாரியைத் திறந்து வைக்க வேண்டாமா? 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி பெங்களூருவின் மகாதேவபுரா தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேல் போலி ஓட்டு என்று குற்றம் சாட்டியபோது, தேர்தல் ஆணையம் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னது. அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே முகவரியில் பத்துக் கணக்கில் பெயர் இருந்தால் அது போலி ஓட்டாகவும் இருக்கலாம், வாடகைக்கு இருந்து காலி செய்துவிட்டுப் போனவர்களின் நீக்காத பெயராகவும் இருக்கலாம். பட்டியலில் கிடக்கும் பெயர் வேறு, பெட்டியில் விழுந்த ஓட்டு வேறு. இரண்டையும் 17ஏவை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். ஆணையம் முன்வந்து பிரித்துக் காட்டியிருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும்.

என்னைக் கேட்டால் பூத்தில் மனசு கனத்துப்போவது கள்ள ஓட்டால் இல்லை. வெயிலில் நடந்து வந்து, உறையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டி, "கார்டு இருக்கே சார், போன தடவைகூடப் போட்டேனே" என்று நிற்பார்கள். பட்டியலில் பெயர் இருக்காது. கார்டு மட்டும் இருந்து பயனில்லை, திருப்பி அனுப்பத்தான் முடியும். பிகாரில் 2025ல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. யார் யார், என்ன காரணம் என்று வெளியிடச் சொல்லி ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை, சென்னையில் மட்டும் 14 லட்சம். இதில் இறந்தவர்கள் உண்டு, வீடு மாறியவர்கள் உண்டு, இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் உண்டு. பூட்டிய வீடு என்று குறிக்கப்பட்டு, உண்மையில் வேலைக்குப் போயிருந்தவர்களும் இருக்க முடியும். வாடகை வீட்டுக்காரர், கூலிக்கு வெளியூர் போகிறவர், கல்யாணமாகி ஊர் மாறிய பெண் என்று எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள்தான் இதில் அடிபடுகிறார்கள்.

கடைசியாக ராதாபுரம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வித்தியாசம் 49 ஓட்டு. தோற்ற திமுக வேட்பாளர் அப்பாவு வழக்குப் போட்டார். 203 தபால் ஓட்டுகளை, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள் என்பது அவருடைய முக்கியமான புகார். தேர்தல் வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள் போடுவதுதான் தபால் ஓட்டு, அதனால் எங்கள் ஆசிரியர் வட்டாரத்தில் இந்த வழக்கை ஊன்றிக் கவனித்தோம். 2019 அக்டோபரில்தான் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் சட்டமன்றத்தின் காலமே முடிந்து 2021 தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் வழக்கை 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86வது பிரிவு சொல்கிறது. அந்த ஆறு மாதம் கட்டாயமானால், கோர்ட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை தோற்றவருக்கு வரும், வாட்ஸ்அப்பில் புலம்ப வேண்டியிருக்காது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: 39க்கு 39 வந்ததற்குக் கள்ள ஓட்டு தேவைப்படவில்லை. உங்கள் பூத்தில் மோசடி நடந்தது என்று நினைத்தால் பாகம் எண், வரிசை எண், 17சி நகல் இந்த மூன்றோடு 45 நாளுக்குள் தேர்தல் வழக்குப் போடச் சொல்லி வேட்பாளரை நெருக்குங்கள், வாக்காளரான நீங்களே போடவும் சட்டம் இடம் தருகிறது. 2027 கணக்கெடுப்பு முடிந்து மறுவரையறை ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது, உங்கள் தொகுதியின் வரைபடத்தை வாங்கிப் பார்த்து எழுத்தில் கொடுங்கள்.