முகத்துவாரத்தில் சிக்கிய ஊதிய மீன்: தோலை உரித்தால் சாப்பிடலாமா?

கேள்வி: சென்னைக்குப் பக்கத்தில் உள்ள கோவளம் முகத்துவாரத்தில் தூண்டிலில் இறால் குத்திப் போட்டிருந்தேன். ஒரு சாண் நீளத்தில் ஒரு மீன் சிக்கியது. கரைக்கு இழுத்ததும் வயிறு உப்பிக்கொண்டது. பழுப்பு முதுகில் வெள்ளைப் புள்ளிகள், பக்கத்தில் மஞ்சள் பட்டை, வெள்ளை வயிறு, செதில் கிடையாது. பக்கத்தில் இருந்த ஒருவர், "தோலையும் குடலையும் எடுத்துட்டா நல்ல மீன் சார், நானே சுத்தம் பண்ணித் தரேன்" என்றார். நான் கொடுக்கவில்லை. முழுசாக ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். இது என்ன மீன்? சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடாதீர்கள். உங்களிடம் இருப்பது பேத்தை என்னும் நச்சு மீன். நீங்கள் சொல்லும் புள்ளியும் மஞ்சள் பட்டையும் செலோனோடோன்டாப்ஸ் படோக்கா என்ற இனத்துக்குப் பொருந்துகின்றன. கழிமுகங்களுக்குள் சர்வசாதாரணமாக நுழையும் இனம் அது. படம் பார்க்காமல் சொல்வதால் இனம் வேறாக இருக்கலாம்; ஆனால் பேத்தை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்களே சரிபார்க்க வேண்டுமானால் வாயைத் திறந்து பாருங்கள். பற்கள் தனித்தனியாக இருக்காது. மேலே இரண்டு தகடு, கீழே இரண்டு தகடு, நடுவில் ஒரு கோடு. வயிற்றடியில் துடுப்பு இருக்காது. முதுகில் ஒரே ஒரு துடுப்புதான், அதுவும் வால் பக்கம் தள்ளி இருக்கும்.

இதன் நஞ்சுக்கு டெட்ரோடோடாக்சின் என்று பெயர். ஈரலிலும் சினையிலும் அதிகம், தோலிலும் உண்டு, சில இனங்களில் சதையிலேயே உண்டு. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. உப்புப் போட்டுக் காயவைத்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். ஒரே இனத்தில்கூட மீனுக்கு மீன், பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவு மாறும். ஆகவே "எங்க தாத்தா காலத்திலிருந்து சாப்பிடறோம்" என்பதை ஒரு சாட்சியாகவே எடுக்கக் கூடாது. "பூனைக்குப் போட்டுப் பாருங்க" என்பதும் அப்படித்தான்.

அந்தச் "சுத்தம் பண்ணித் தரேன்" ஆசாமிக்கு வருகிறேன். இந்த வாக்கியத்தை எல்லாக் கழிமுகத்திலும் கேட்கலாம். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கத்தி ஈரலில் பட்டால் போதும், நஞ்சு சதைக்கு வந்துவிடும். அப்புறம் எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வராது. உறைந்த மீன் இளகும்போது தோலிலிருந்தும் சதைக்கு இறங்கும். உங்கள் மீன் ஃப்ரீசருக்குப் போய்விட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். இவரைவிட நான் அதிகம் பயப்படுவது தலையையும் தோலையும் எடுத்துவிட்டு, வெள்ளைச் சதையை மட்டும் "முள்ளில்லா மீன், குழந்தைகளுக்கு நல்லது" என்று விற்கிற இடைத்தரகரைத்தான். தலையும் தோலும் போன பிறகு அது என்ன மீன் என்று கண்ணால் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது. முழு மீனைக் காட்டாத ஆளிடம் பெயர் தெரியாத துண்டு மீன் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். 2008இல் வங்கதேசத்தில் பேத்தையைத் தின்று பலர் இறந்தார்கள். கடலோரத்தில் யாரும் சீந்தாத மீன், அதை அறியாத, கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்ச் சந்தைகளுக்கு மலிவாகப் போனதன் விளைவு அது.

இங்கே ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். தோல் உரித்தே விற்கப்படும் நல்ல மீன் ஒன்று உண்டு: கிளாத்தி. பேத்தைக்குத் தூரத்து உறவு. தோல் முரட்டுத்தனமாக இருப்பதால் உரித்துத்தான் சமைப்பார்கள். பேத்தையைக் கிளாத்தி என்று தள்ளிவிட இந்த வழக்கம் வசதியாகப் போய்விடுகிறது. முழு மீனாக இருந்தால் குழப்பமே இல்லை. கிளாத்தியின் உடல் இரு பக்கமும் தட்டையானது, பேத்தை உருண்டை. கிளாத்தியின் முதுகில், கண்ணுக்கு மேலேயோ சற்றுப் பின்னாலோ, நிமிர்ந்து நிற்கும் ஒரு முள் இருக்கும். பேத்தைக்கு அந்த முள் கிடையாது. முள் மடங்கியிருந்தால் விரலால் தடவித் தூக்கிப் பாருங்கள். கிளாத்தியின் வாயில் பற்கள் தனித்தனியாகத் தெரியும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தாலும் பேத்தை மாதிரி பந்தாக ஊதாது. முள்ளும் பல்லும் இரண்டுமே பொருந்தினால்தான் கிளாத்தி. ஒன்று இடித்தாலும் விட்டுவிடுங்கள்.

ஜப்பானில் சாப்பிடுகிறார்களே என்று அடுத்த கேள்வி வரும். அங்கே உரிமம் பெற்ற சமையல்காரர்தான் கை வைக்க முடியும். ஈரல் பரிமாறுவதை 1983இல் தடையே செய்துவிட்டார்கள். நம் கழிமுகத்தில் கத்தியோடு நிற்பவரிடம் என்ன உரிமம் இருக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் குடும்பத்தையே சந்தைக்குள் விடுவதில்லை. ஏற்றுமதிக்குப் போகும் பெட்டியை நாமும் அதனால் கவனமாகப் பார்க்கிறோம். உள்ளூர்ச் சந்தைக் கூடையை யார் பார்க்கிறார்கள்? பிடித்தவரைக் கேட்டால் மீன்வளம் என்பார், மீன்வளத்தைக் கேட்டால் உணவுப் பாதுகாப்பு என்பார்கள், உணவுப் பாதுகாப்பில் மாதிரி எடுத்து அனுப்பினோம் என்பார்கள். முடிவு வரும்போது மீன் செரித்திருக்கும். ஒவ்வொரு இறங்குதளத்திலும் நாலு படம் போட்ட ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

எப்போதாவது யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டு உதடும் நாக்கும் மரத்துப்போவதாகச் சொன்னால், புளித்தண்ணீர், எலுமிச்சை என்று நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள். அறிகுறி சில நிமிடங்களிலும் வரலாம், சில மணி நேரம் கழித்தும் வரலாம். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கும். வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு நேரத்தில் போய்விட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். "பேத்தை மீன் சாப்பிட்டார்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது ஃப்ரீசரில் இருப்பதை என்ன செய்வது? முதலில் பக்கவாட்டில் ஒன்று, வாயைத் திறந்து ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று என்று படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது, அங்கே காட்டினால் இனத்தை உறுதி செய்துகொள்ளலாம். மீனை நாயும் பூனையும் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அடுத்த முறை சிக்கினால் கரையில் வைத்து வேடிக்கை பார்க்காமல் தண்ணீரில் விட்டுவிடுங்கள். தூண்டில் முள்ளைக் குறட்டால் எடுங்கள். நண்டு ஓட்டை நொறுக்கும் அந்தப் பல் தகடுக்கு விரல் ஒரு பொருட்டில்லை.