சங்காயக் கணக்கு

அன்புள்ள ஐயா,

உயிரித் தகவலியல் முதுகலை படிக்கிறேன். பாக் விரிகுடா மீன்வளத்துக்குக் கணினியில் ஒரு கணித மாதிரி செய்திருக்கிறேன். நாற்பது மாறிலிகள். கரைக்கு வந்த மீன் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. நாட்டுப்படகில் போகும் அப்பா, "கடலுக்கு வராமலே கடலைக் கணக்குப் போடுறியா?" என்று சிரிக்கிறார். இது அறிவியல்தானா? மேலே படிக்கப் பைத்தான் நிரல்மொழி போதுமா, ஆர் மொழியும் வேண்டுமா?

ம., தொண்டி

அன்புள்ள ம.,

பைத்தானோ ஆரோ, கைக்கு வந்ததை வைத்துக்கொள். அப்பா சிரிக்கட்டும், என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தானே சிரிக்கிறார். 'அச்சாகப் பொருந்துகிறது' என்றாயே, அங்கேதான் கோபம் வந்தது. நாற்பது மாறிலிகளை இஷ்டத்துக்குத் திருகினால் எந்தக் கோடும் எந்தப் புள்ளியிலும் போய் உட்காரும். அதில் என்ன பெருமை?

என் அப்பா ராமேசுவரத்தில் ஒரு மீன் வியாபாரியிடம் கணக்கு எழுதினார். நகரை, பாறை, இறால், நண்டு எல்லாம் தனித்தனி எடை. இழுவை மடியில் வந்த பொடிசு மட்டும் மொத்தமாக 'சங்காயம், இத்தனை கூடை'. காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகும். அந்தக் கூடையைக் கிளறினால் விரல் நீளத்தில் பாறைக் குஞ்சு கிடக்கும், நண்டுக் குஞ்சு கிடக்கும். நோட்டில் அவை இல்லை. குஞ்சுகளின் இறப்பு வீதம் என்று ஒரு மாறிலி வைத்திருப்பாயே, அதை எந்த நோட்டிலிருந்து எடுத்தாய்?

இத்தாலியக் கணிதவியலாளர் விட்டோ வோல்டெராவுக்கும் கிடைத்தது சந்தைக் கணக்குதான். முதல் உலகப் போரின்போது அட்ரியாடிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அக்கடலின் ஃபியூமே துறைமுகச் சந்தைக்கு வந்த மீனில், பிற மீனைத் தின்கிற சுறா, திருக்கை வகைகளின் பங்கு 1914இல் 11.9 சதவீதம், 1918இல் 36.4. ஏன் என்று கேட்டவர் உயிரியலாளர் உம்பர்ட்டோ டான்கோனா, வோல்டெராவின் மருமகனாக இருந்தவர். கடலில் எத்தனை மீன் என்று அவர் கேட்கவில்லை, பங்கு ஏன் மாறியது என்றார். சந்தை நோட்டைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்வி அது. 1926இல் வோல்டெரா தந்த பதிலில் இரண்டே சமன்பாடு, நான்கே மாறிலி. பிடிப்பு குறைந்தால் தின்கிற மீன், தின்னப்படுகிற மீன் இரண்டும் பெருகும் என்றுதானே நினைப்போம்? இல்லை, சராசரியில் தின்கிற மீன் கூடும், தின்னப்படுகிற மீன் குறையும் என்றது அது.

இதை அப்படியே தூக்கிவந்து, ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் சுறாவுக்குத்தான் லாபம் என்று எழுதிவிடாதே. அந்தச் சமன்பாட்டுக்கு முட்டையிடும் பருவம் தெரியாது. விசைப்படகு நின்றாலும் உன் அப்பாவின் படகு போகும் என்பதும் தெரியாது.

சரி, உன் நாற்பதில் அளந்து எடுத்தவை எத்தனை, பொருந்தட்டும் என்று திருகியவை எத்தனை? இரண்டு பட்டியலாக எழுதி அனுப்பு. அதற்கு முன் அப்பாவிடம் காட்டு. குஞ்சு விஷயத்தில் அவர் திருத்துவார்.