ஷாக் வேவ்ல காந்தப்புலம் ஏன் 4 மடங்கோட நிக்கல?

ஷாக் வேவ் (அதிர்ச்சி அலை) பிளாஸ்மாவ, அதாவது மின்னூட்டம் உள்ள வாயுவ, அமுக்குனா அதிகபட்சம் 4 மடங்குதானே அடர்த்தி கூடும், அப்புறம் காந்தப்புலம் மட்டும் எப்படி அதுக்கு மேல போகுதுன்னு கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி.

பிளாஸ்மாவுல காந்தக் கோடுங்க உறைஞ்சு போன மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால ஷாக் அமுக்குறப்போ கோடுகளும் நெருங்கும், ஆனா ஷாக் போற திசைக்குக் குறுக்க இருக்குற பாகம் மட்டும்தான், நேரா இருக்குறது அப்படியே இருக்கும். இது வெறும் அமுக்கம், நீங்க சொன்ன 4 இங்கதான் வருது.

நிஜ விளையாட்டு ஷாக்குக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது. ஷாக்ல வேகம் பிடிச்ச காஸ்மிக் கதிர் புரோட்டான்கள் (ஒளி வேகத்துக்குக் கிட்ட ஓடுற துகள்கள்) முன்னாடி ஓடுறப்போ அதுவே ஒரு கரன்ட், அத ஈடுகட்ட பிளாஸ்மாவுல எதிர் கரன்ட் ஓடும், அந்த எதிர் கரன்ட் மேல காந்தப்புலம் குடுக்குற விசை கோடுகள ஸ்பிரிங் மாதிரி சுருட்டி இழுத்துக்கிட்டே போகும், இழுக்க இழுக்க புலம் கூடும், கூடக்கூட விசையும் கூடும். 2004ல இயற்பியலாளர் டோனி பெல் சொன்னது இதத்தான்.

காஸியோப்பியா ஏ மாதிரி சூப்பர்நோவா மிச்சங்களோட (வெடிச்ச நட்சத்திரம் விட்டுட்டுப் போனது) விளிம்பு எக்ஸ்ரேல ரொம்ப மெல்லிசா தெரியுது, எக்ஸ்ரே விடுற எலக்ட்ரான்கள் சீக்கிரமே ஆற்றல இழந்தாத்தான் அப்படித் தெரியும், அதுக்கு 100 மைக்ரோகாஸ் (காந்தப்புலத்த அளக்குற அலகு) அளவுல புலம் வேணும், சுத்தி இருக்குற வெளியில சில மைக்ரோகாஸ்தான், அத 4 மடங்காக்குனா மட்டும் பத்தாது.