ராஸ்பெர்ரி பை 4-ஐ வீட்டு டிவிக்கு மீடியா சென்டராக மாற்றுவது எப்படி?

கோபியில் அப்பாரு வீட்டு டிவியில், ஹார்டு டிஸ்க்கில் உள்ள கல்யாண வீடியோக்களை ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி வழியாகப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியுங்க.

லிப்ரெஎலெக் என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றிச் செருகினால் போதும், ஆன் செய்ததும் வீடியோவும் பாட்டும் போடும் கோடி (Kodi) என்ற மென்பொருள் நேராகத் திறந்துவிடும். கேபிள் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், இதில் இருப்பது வழக்கமான எச்டிஎம்ஐயை விடச் சிறிய மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள். அப்படி உள்ள இரண்டு துளைகளில், பவர் துளையை ஒட்டியிருப்பதில் செருகுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருப்பதால் இதை அவசியம் செய்யுங்கள்: டிவி செட்டிங்கில் சிஇசி வசதியை ஆன் செய்தால், டிவி ரிமோட்டிலேயே கோடியையும் இயக்கலாம். பெருந்துறையில் எங்கள் அம்முச்சி யாரையும் கூப்பிடாமல் தானே பாட்டுப் போட்டுக் கேட்கிறார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் மின்சாரம். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரே வேண்டும், பழைய போன் சார்ஜர் வேண்டாம். யூஎஸ்பி துளைகள் நான்குக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். அதனால் பெரிய டிஸ்க் என்றால் அதற்குத் தனி அடாப்டர் கொடுங்கள். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டில் உள்ளது கெட்டுப்போகலாம். இன்வெர்ட்டர் லைனில் போடுவது நல்லது.