மூன்று நிமிடத் தோடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு சிறிய நூலகத்தில் கழித்த புத்தகங்களை விற்றார்கள். அவற்றுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கர்நாடக சங்கீத இசைத்தட்டுகள். மொத்தமாக வாங்கிவந்தேன். நீளமாக ஓடும் எல்பி தட்டுகளை நானே வைத்துக்கொண்டேன். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் கனமான பழைய தட்டுகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் ஓடுமாம், அதில் என்ன ராகம் கேட்பது? பூஞ்சை வேறு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பழைய சாமான் கடையில் தள்ளிவிடு என்கிறார் நண்பர்.

க., சேலம்

அன்புள்ள க.,

தள்ளிவிடாதீர்கள். ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், பாட்டும் அதோடு போகும். சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், தட்டில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ள வரியின் போக்கிலேயே துடையுங்கள். நடுவிலுள்ள காகித லேபிளில் ஈரம் படக்கூடாது. நிழலில் காயவிட்டு, நெட்டாக நிறுத்தி வையுங்கள். அப்புறம், எல்பி முள்ளை இதில் வைக்காதீர்கள். 78இன் வரி அகலமானது, அதற்குத் தனி முள் உண்டு.

மூன்று நிமிடத்தில் என்ன ராகம் என்கிறீர்கள். நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டைக் கேளுங்கள். கச்சேரியில் மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் அவர். தட்டில் அதற்கு வழியில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் முதல் மூச்சிலேயே தோடிக்குள் போய் நிற்கிறார். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் (ஜி.என்.பி.) 'வாசுதேவயனி' பாட்டும் அப்படித்தான். அந்த பிருகாக்களின், அதாவது சரசரவென உருளும் ஸ்வரங்களின், வேகத்தில் கல்யாணி ராகம் முழுசாக வந்துவிடுகிறது. ராகத்தை மெல்ல விரிக்கும் நீளமான ஆலாபனை எனக்கும் பிடிக்கும். ஆனால் எதை விடுவது, எதைக் கட்டாயம் சொல்வது என்ற முடிவு இந்தத் தட்டுகளில் கேட்பதுபோல எங்கும் கேட்பதில்லை.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். பாடகி சேலம் கோதாவரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இசைத்தட்டுக்குப் பாடியவர். அப்போது மைக் கிடையாது. கூம்புக் குழாயின் வாயருகே நின்று பாட வேண்டும், குரலின் அதிர்வே மெழுகில் வரி கீறும். அந்தக் குரல் இன்றைக்கும் நமக்குக் கேட்கக் கிடைக்கிறது. சேலத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

எனவே ஒவ்வொரு லேபிளையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். லேபிளை ஒட்டித் தட்டிலேயே பொறித்த எண்ணும் தெரியட்டும், எந்தப் பதிவு என்று அதை வைத்துத்தான் தேட முடியும். 78 முள் வைத்திருக்கும் சேகரிப்பாளரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றிவிடலாம். நாகஸ்வரத் தட்டு ஏதாவது இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.